பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை

ஓய்வு பெற்றவனைப் பழைய ஆபீசுக்குக் கூப்பிட்டால் ஒன்று கேக் வெட்டுவார்கள், இல்லையென்றால் எந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். போன மாதம் லாரா என்னைக் கூப்பிட்டது இரண்டுக்கும் இல்லை. நியூஜெர்சியில் ஒரு மியூசியத்தில், பழைய ஓவியங்களைப் பழுது நீக்கும் லேபில் என் காலம் முழுவதும் வேலை பார்த்தேன். அங்கே என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் லாரா. புது மெஷின் வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். மான்மவுத் ஜங்ஷனில் இருக்கும் என் வீட்டிலிருந்து ரூட் ஒன் நெடுஞ்சாலையைப் பிடித்துக் கிளம்பினேன்.

ஓவியத்தின் மேல் கை படாமல், ஒவ்வொரு பூச்சாக உள்ளே பார்த்து, அதைப் பெரிய திரையில் தனித்தனியாகக் காட்டுகிற மெஷின் அது. பழைய போட்டோக்களையும் எக்ஸ்ரேக்களையும் கொடுத்தால், எப்போதோ எடுத்துவிட்ட பூச்சைக்கூடத் திரும்ப வைத்துக் காட்டுகிறது. லாரா ஒரு படத்தைத் திறந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பல மாதம் உட்கார்ந்து என் கையால் துணுக்குத் துணுக்காக எடுத்த ஒரு மாப்பிள்ளை, சிவப்புக் கோட்டும் வெள்ளை விக்குமாக, பெண்ணுக்குப் பக்கத்தில் முழு ஆளாக நின்றார். லாரா திரையில் விரலைத் தள்ளினார். மாப்பிள்ளை மறைந்தார். திரும்பத் தள்ளினார். வந்து நின்றார்.

இந்த வசதி அப்போதே இருந்திருந்தால் அவரை எடுத்திருப்பீர்களா என்று கேட்டார் லாரா. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். தமிழ்ச் சங்க மலருக்கு ஒரு கட்டுரை கேட்டு நண்பர்கள் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். சரி, அந்த யோசனையையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் சென்னையில் வேதியியல் படித்தவன். நியூஜெர்சிக்கு வந்தது ஒரு வார்னிஷ் கம்பெனிக்கு. மர மேசைக்கும் கப்பல் தளத்துக்கும் பூசுகிற வார்னிஷ், எத்தனை வெயிலில் எத்தனை மஞ்சளாகும் என்று பார்ப்பதுதான் வேலை. ஒரு தடவை மியூசியத்திலிருந்து ஒரு அம்மா வந்து, இருநூறு வருடத்து வார்னிஷை அடியில் இருக்கும் சாயத்துக்குச் சேதமில்லாமல் எப்படிக் கரைப்பது என்று விசாரித்தார். டோரத்தி என்று பெயர். நான் சொன்ன பதில் தப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் கேள்வியை நான் ரசித்ததைப் பார்த்திருக்கிறார். லேபில் இடம் காலியாகும்போது சொல்லி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு அங்கே சேர்ந்தது, படித்தது, பரீட்சை எழுதியது எல்லாம் எல்லோருக்கும் உள்ள கதைதான்.

அதற்கு நடுவில் என் கல்யாணம். அதைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. கம்பெனி எனக்கு கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியிருந்தது. சென்னையில் பூரணியைப் பேசி முடித்து, ஆனி மாதம் முகூர்த்தம் குறித்திருந்தார்கள். பெண் வீட்டில் ஒரு பெரியவர் தவறிப்போனார். தீட்டு கழிவதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? ஆவணிக்குத் தள்ளினார்கள். அந்த ஆடியில்தான் எனக்கு கிரீன் கார்டு வந்தது. இரண்டு வீட்டிலும் பாயசம். பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே 'கிரீன் கார்டு ஹோல்டர்' என்று போடலாமா என்று மாமனார் போன் போட்டுக் கேட்டார்.

கல்யாணம் முடிந்து திரும்பி வந்து, பக்கத்து ஊரான எடிசனில் ஒரு வக்கீலிடம் மனைவியை அழைக்க வேண்டும் என்றேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். தாலி கட்டியது கார்டுக்கு முன்பா, பின்பா? முன்பு என்றால் என் கார்டோடு அவளும் தொற்றிக்கொண்டு வந்திருக்கலாமாம். பின்பு என்றால் தனி வரிசை. அது எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. விசிட்டர் விசா கேட்டால், புருஷன் அங்கே இருக்கும்போது நீ எங்கே திரும்பி வரப்போகிறாய் என்று கொடுக்க மாட்டார்கள். நான் குடிமகனாகும்வரை காத்திருப்பது ஒன்றுதான் வழி என்றார். அதற்குக் குறைந்தது ஐந்து வருடம். நல்ல நாள் பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டோம். பார்த்த நாள் இந்திய நாட்டுக்கு நல்ல நாளாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். கம்பெனியை விட்டு மியூசியத்துக்குத் தாவும் சுதந்திரத்தை எனக்குக் கொடுத்ததும் அதே கார்டுதான். எனக்குப் பிடித்த வேலையும் பூரணி இல்லாத வீடும் ஒரே தபாலில் வந்தன.

டோரத்தியைப் பற்றிக் கொஞ்சம். ஒல்லியான, உயரமான மனுஷி. லேபில் யாரும் சென்ட் போட்டுக்கொண்டு வரக்கூடாது. கரைப்பான் எது, எவ்வளவு வேகத்தில் ஆவியாகிறது என்பதை அவர் மூக்கால் கண்டுபிடிப்பார். புதுப் படம் வந்தால் முதல் நாள் காலை முழுவதும் அதன் எதிரில் நாற்காலி போட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தொடத் தோன்றும், அதனால்தான் கையின்மேல் உட்கார்ந்து அமுக்கி வைத்திருக்கிறேன் என்பார். 'சுத்தம் செய்கிறோம்' என்று யாராவது சொன்னால் முகம் மாறிவிடும். சுத்தம் செய்வது பாத்திரத்தை. நாம் எடுக்கிறோம், எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது என்பார். எதை எடுப்பதற்கு முன்பும் ஒரே கேள்விதான் கேட்பார்: இது யாருடையது?

அவர் எனக்குக் கொடுத்த முதல் பாடம் எச்சில். பழைய ஓவியத்தின் மேல் படிந்த அழுக்கை எடுக்க மனித எச்சிலைப்போல மிதமானது வேறில்லை. குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் நனைத்து, ஓவியத்தின்மேல் உருட்ட வேண்டும். தேய்க்கக் கூடாது, உருட்ட வேண்டும். டம்ளரைத் தூக்கிக் குடித்தே வளர்ந்த வாய் என்னுடையது. முதல் படத்தில் இருந்ததோ ஒரு மாதா. குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற நிலையைப் பார்த்து, வாய் உலர்ந்துவிட்டதா என்று டோரத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த வாரம் போனில் பூரணியிடம் சொன்னேன். "சாமி மூஞ்சியில எச்சிலா? அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

சனிக்கிழமை காலை எனக்கு, மாலை அவளுக்கு. அதுதான் எங்கள் நேரம். கடையில் போன் கார்டு வாங்கி, மேலே பூசியிருப்பதைச் சுரண்டி, நம்பர் போட்டுப் பேசுவோம். வாரம் முழுவதும் சுரண்டுகிற எனக்குச் சனிக்கிழமையும் அதே வேலை. லைன் கிடைத்ததும் அவள் முதலில், "ஹலோ, கேக்குதா?" என்பாள். கேட்கிறது என்ற பிறகுதான் மற்றதெல்லாம்.

இப்போது அந்தப் படம். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதி, வட இத்தாலி, வரைந்தவர் யார் என்று உறுதியாகத் தெரியாது. அக்காலத்தில் பிரபு வீட்டுக் கல்யாணம் என்றால் இப்படி ஒரு பெரிய திரைச்சீலை வரையச் சொல்வார்கள். கல்யாணம் இரண்டு பேருக்கு இல்லை, இரண்டு வீட்டுக்கு. அதனால் வானத்தில் இருக்கிற அத்தனை பேரையும் சாட்சிக்கு இறக்கிவிடுவார்கள். கையில் தீப்பந்தமும் தலையில் பூமாலையுமாக நிற்கும் இளைஞன் கல்யாணத் தேவன். எக்காளம் ஊதுகிறவள் புகழ். இறக்கையும் அரிவாளுமாகக் கீழே குப்புற விழுந்து கிடக்கும் கிழவர் காலம். இந்தக் கல்யாணத்தைக் காலமும் ஒன்றும் செய்ய முடியாது என்று அர்த்தம். காலடியில் நாய் இருந்தால் அது விசுவாசம். இரண்டு வீட்டுச் சின்னங்களையும் குழந்தைத் தேவர்கள் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். ஓரத்தில் மயிலோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். முருகன் வீட்டு ஆள் என்று நினைத்தேன். கல்யாணங்களைக் காக்கிற தேவியாம்.

இதையெல்லாம் புரிந்துகொள்ள மற்றவர்கள் தலையணை சைஸ் புத்தகங்களைப் புரட்டினார்கள். எனக்கு அவ்வளவு சிரமம் இல்லை. எங்கள் கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்திலேயே நானும் பூரணியும் மேகத்தின்மேல் நிற்கிறோம். மேலேயிருந்து மீனாட்சி சுந்தரேசுவரர் பூத் தூவுகிறார்கள். ஸ்டூடியோக்காரர் அதற்குத் தனியாக ஒன்றும் வாங்கவில்லை.

படத்தின் நடுவில் பெண் வெள்ளைப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். வலப்பக்கம் மாப்பிள்ளை. பெண்ணை வரைந்த கை நல்ல கை. மாப்பிள்ளையை வரைந்தது அப்படி இல்லை. கால்கள் மேகத்தில் ஊன்றவில்லை. முக்கியமாக, அவள் நீட்டிய கைக்கும் அவர் நீட்டிய கைக்கும் நடுவில் ஒரு விரல் அளவு இடைவெளி. தொடப்போகிறார்கள் என்று தோன்றவில்லை. ஒருவரை ஒருவர் தவறவிட்டுவிட்டார்கள் என்றே தோன்றியது.

விளக்கை அணைத்துப் புற ஊதா ஒளியில் பார்த்தோம். பழைய வார்னிஷ் பச்சையாக ஒளிரும், பிறகு பூசியது இருட்டாகத் தெரியும். மாப்பிள்ளை தலை முதல் கால் வரை இருட்டாக இருந்தார். அவருக்கு மேலே ஒரு மேகமும் இருட்டு. எக்ஸ்ரே எடுத்தோம். அந்த மேகத்துக்கு அடியில் ஒரு நீள்வட்டச் சட்டம், அதற்குள் ஒரு ஆண் முகம், சட்டத்தைத் தாங்கிப் பிடித்த இரண்டு குழந்தைத் தேவர்கள்.

அதன் அர்த்தத்தைச் சொன்னவர் எங்கள் காப்பாட்சியர். படங்களின் வரலாற்றைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. அந்தப் பிரபுக்கள் வீட்டில் மாப்பிள்ளை வராமலே கல்யாணம் நடப்பது உண்டாம். போர், பதவி, தூரம், ஏதோ ஒன்று. மாப்பிள்ளை இடத்தில் வேறொரு உறவினர் நின்று மந்திரத்துக்குத் தலையாட்டிவிடுவார். பெண் சட்டப்படி மனைவி. புருஷன் எங்கேயோ. அப்படிப்பட்ட கல்யாணத்துக்குப் படம் வரையும்போது, மாப்பிள்ளையை நேரில் காட்டாமல் அவருடைய சிறிய உருவப்படத்தைத் தேவர்கள் கொண்டுவந்து பெண்ணிடம் காட்டுவதுபோல வரைவார்கள். இதுவும் அப்படி ஒரு படம். பிறகு யாரோ படத்துக்குள் இருந்த படத்தை மறைத்துவிட்டு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

மீட்டிங் முடிந்து என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது எனக்குக் கண் கலங்கியிருந்தது.

அடுத்து, இருக்கிற விரிசல் ஒன்றின் ஓரத்திலிருந்து கடுகில் பாதிகூட இல்லாத ஒரு துணுக்கை எடுத்து, பிசினில் பதித்து, பக்கவாட்டில் இழைத்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். லேயர் கேக்கை வெட்டினால் தெரிவதுபோல அடுக்குகள் தெரியும். கீழே செம்மண் நிறப் பூச்சு. அதன்மேல் முதல் ஓவியரின் நீல வானம். அதன்மேல் வார்னிஷ். உச்சியில் மாப்பிள்ளையின் சிவப்புக் கோட்டு. வார்னிஷுக்கும் கோட்டுக்கும் நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடியது. டோரத்தியைக் கூப்பிட்டேன். அவர் நெடுநேரம் குனிந்து பார்த்தார். மெழுகுவர்த்திப் புகை என்றார். இந்தப் படத்தின் எதிரில் யாரோ வாழ்ந்திருக்கிறார்கள், பிறகுதான் மாப்பிள்ளை வந்திருக்கிறார்.

எத்தனை வருடத்துப் புகை என்று சொல்ல வழியில்லை. ஆனால் சிவப்புச் சாயம் அடியிலுள்ள விரிசல்களுக்குள் இறங்கவில்லை. அது பூசப்பட்டபோது படத்தில் விரிசலே விழவில்லை. அப்படியானால் அது பேரன் காலத்து வேலை இல்லை. பெரும்பாலும் அந்தப் பெண் உயிரோடு இருந்தபோதே நடந்தது. காத்திருந்தாள், அவர் வந்து சேர்ந்தார், வந்ததும் ஒரு உள்ளூர் ஓவியரைக் கூப்பிட்டு, இவரையும் என் பக்கத்தில் நிற்க வை என்றிருக்கிறாள். இப்படித்தான் நான் படித்துக்கொண்டேன்.

காப்பாட்சியருக்கு முதல் ஓவியரின் கை வேண்டும். மாப்பிள்ளையை எடுத்துவிடுங்கள் என்றார். ஒரிஜினல் என்ற வார்த்தையை அவர் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுதான் சொல்வார். நான் எதிர்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மீட்டிங்கில் குரலை உயர்த்தினேன். இவரும் ஒரிஜினல்தான், இந்தக் கல்யாணத்தின் ஒரிஜினல், வந்து சேர்ந்த மனுஷனைத் துரத்த நாம் யார் என்றேன்.

டோரத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். படத்துக்காகப் பேசுகிறாயா, உனக்காகப் பேசுகிறாயா என்றார். என் கதை அவருக்குத் தெரியும். எடுப்பதா வேண்டாமா என்பது மேலே முடிவாகிவிட்டது, ஆனால் யார் கை எடுப்பது என்பதை நான்தான் முடிவு செய்வேன், மனசு ஒப்பாத கையில் கத்தியைக் கொடுக்க மாட்டேன், திங்கட்கிழமை வந்து சொல் என்றார். லேபில் அவ்வளவு பெரிய வேலை அதுவரை எனக்கு வந்ததில்லை. அதை விட்டுக்கொடுக்கவும் மனசில்லை, அந்த மாப்பிள்ளைமேல் கத்தி வைக்கவும் மனசில்லை.

சனிக்கிழமை பூரணியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நம் கதை மாதிரியே இருக்கிறது, இவரை எடுக்கச் சொல்கிறார்கள் என்றேன். பாவம் என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"எடுத்துடுங்க" என்றாள்.

லைனில் ஏதோ கோளாறு என்று நினைத்துத் திரும்பக் கேட்டேன்.

"எடுத்துடுங்கன்னேன். இங்க தம்பி கல்யாணத்துல குரூப் போட்டோ எடுத்தாங்கல்ல, நேத்து பிரேம் போட்டு வந்துச்சு. அப்பா ஸ்டூடியோவுல சொல்லி உங்களை எம் பக்கத்துல ஒட்ட வெச்சிருக்காரு. பாஸ்போர்ட் போட்டோவுல இருக்கற அதே கோட்டு. காலு யாரோடதுன்னே தெரியல. வர்றவங்க எல்லாம் பாத்துட்டு, மாப்பிள்ளை எப்ப வந்தாரு, சொல்லவே இல்லையேங்கறாங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்தக் கல்யாணம் பூரா நான் தனியாத்தாங்க நின்னேன். ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லிட்டு நின்னேன். இப்ப போட்டோவுல நீங்க நிக்கறீங்க. அப்ப நான் காத்திருந்தது எங்க போச்சு? அந்தப் பொண்ணும் காத்திருந்திருக்கால்ல. அது தெரியட்டும்."

கார்டில் நிமிடங்கள் தீர்ந்துகொண்டிருந்தன. இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு, அது தானாகக் கட்டாகும்வரை இருந்தோம்.

திங்கட்கிழமை டோரத்தியிடம் போய் நானே எடுக்கிறேன் என்றேன். இப்போது பேசுவது யார் என்று கேட்டார். என் மனைவி என்றேன். அவருக்கு இதில் பயிற்சி உண்டா என்றார் டோரத்தி, முகத்தில் சிரிப்பே இல்லாமல். நிறைய உண்டு என்றேன். கத்தியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

முதலில் மாப்பிள்ளையை எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்தோம். லாராவின் திரையில் நின்றவர் அந்தப் போட்டோக்களிலிருந்து எழுந்து வந்தவர்தான். பிறகு வேலை. ஒரு தபால்தலை அளவு இடத்தில் பசைபோல் கெட்டியான கரைப்பானைத் தடவி, சாயம் இளகியதும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி கத்தி நுனியால் தூக்க வேண்டும். அடியில் வார்னிஷும் புகையும் இல்லாமல் இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது. புதுச் சாயம் பழைய சாயத்தைக் கட்டிப் பிடித்திருக்கும். அவள் காத்திருந்த காலத்தின் அழுக்குதான் இரண்டையும் பிரித்து வைத்திருந்தது. அந்தப் புகையைக் கடைசியில் பஞ்சால் உருட்டி எடுத்தேன். எச்சிலால்தான். இருநூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் ஒருத்தி காத்திருந்தது கறுப்பாக என் பஞ்சில் வந்தது.

காலிலிருந்து ஆரம்பித்தேன். கால், இடுப்பு, மார்பு என்று மேலே போய், கடைசியில் முகமும் அந்தக் கையும் மட்டும் வானத்தில் மிச்சமிருந்தன. முகத்தை ஒரே மூச்சில் முடித்தேன். கையை எடுக்க வேண்டிய நாளில் டோரத்தி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து என் பின்னால் உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் விரல்கள் போனதும்தான் பெண்ணின் கை எதற்காக நீண்டிருந்தது என்று தெரிந்தது. அது பக்கத்தில் யாரையும் தேடவில்லை. கொஞ்சம் மேல்நோக்கி, உள்ளங்கை திறந்து, அந்த நீள்வட்டப் படத்தைத் தா என்று கேட்டுக்கொண்டிருந்தது. இத்தனை காலம் எல்லோரும் தவறாகப் பார்த்திருக்கிறோம்.

மேகத்தை விலக்கி அந்தப் படத்தையும் வெளியே கொண்டுவந்தேன். சட்டத்துக்குள் இருந்த முகம் விறைப்பாக, நேராகப் பார்த்தது. ஓவியரும் அவரை நேரில் பார்த்திருக்க மாட்டார். எங்கிருந்தோ வந்த சின்ன உருவத்தைப் பார்த்து வரைந்திருப்பார். பாஸ்போர்ட் போட்டோ என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

நான் குடிமகனாகி, பேப்பர்கள் நகர்ந்து, பூரணி நூவர்க் ஏர்போர்ட்டில் வந்து இறங்கியபோது அந்தப் படம் மியூசியச் சுவரில் ஏறியிருந்தது. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே பார்க்க வேண்டும் என்றாள். அங்கே நின்று நெடுநேரம் பார்த்தாள். தேவர்கள், எக்காளம், மயில், கீழே விழுந்து கிடக்கும் காலம் என்று நான் விளக்கிக்கொண்டே போனேன். அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"கடைசியில அவரு வந்தாரா?" என்றாள்.

வந்தார் என்றேன். அந்தச் சிவப்புக் கோட்டையும் விரிசலையும் பற்றி மறுபடி சொன்னேன். படத்தைப் பார்க்கிறவர்களுக்கு அது இனித் தெரியாது, தெரிந்தவர்கள் நாங்கள் கொஞ்சம் பேர்தான் என்றேன்.

"நமக்குத் தெரிஞ்சா போதும்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பொது இடத்தில் அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

பிறகு கயல் பிறந்தாள். வாழ்க்கை மார்ட்கேஜும் டேகேரும் பனி தள்ளுவதுமாக ஓடியது. ஒரு பழக்கம் மட்டும் பூரணி கடைசிவரை விடவில்லை. சனிக்கிழமை காலைகளில், நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன், அவள் அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள்: "ஹலோ, கேக்குதா?" கேட்கிறது என்று நான் சொன்ன பிறகுதான் காபி வரும். அவள் போய் மூன்று பனிக்காலம் ஆகிவிட்டது. சனிக்கிழமை காலைகளை என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. முன்பு காத்திருந்தபோது வரிசை என்று ஒன்று இருந்தது, அது நகரவாவது நகர்ந்தது.

போன வாரம் லாராவுக்கு போன் செய்து பதிலைச் சொல்லிவிட்டேன். மெஷின் இருந்திருந்தாலும் எடுத்திருப்பேன். திரையில் தள்ளித் தள்ளி இரண்டையும் பார்க்கலாம், ஆனால் சுவரில் ஒன்றுதான் தொங்க முடியும். தொங்குவது அந்தப் பெண் காத்திருந்ததாக இருக்கட்டும் என்றேன். நல்ல பதில் என்றார் லாரா. எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

இந்த வாரம் கயல் சன்னிவேலிலிருந்து வந்திருந்தாள். வசந்த காலத்தில் அங்கே அவளுக்குக் கல்யாணம் நடந்தது. மேடையில் அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் பக்கத்தில் நான் தனியாக நின்றேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தவள், என் பக்கத்தில் உட்கார்ந்து போனை நீட்டினாள்.

"அப்பா, டோன்ட் பி மேட். ஐ ஆடட் அம்மா."

அதே மேடை, அதே போட்டோ. என் பக்கத்தில் பூரணி நின்றாள். ஒட்டு தெரியவில்லை. கால் அவள் கால்தான். மாம்பழக் கலர்ப் பட்டு, அதன் மடிப்பில் மேடை விளக்கு விழுந்த விதம்கூடச் சரியாக இருந்தது. மாமனாரின் ஸ்டூடியோக்காரருக்கு இந்த வித்தை தெரியாமல் போனது நல்லதுதான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வேலை செய்த காலத்தில் பார்ப்பதுபோல ஓரங்களைப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது.

"அம்மாவுக்கு இது பிடிக்காதும்மா" என்றேன். தம்பி கல்யாணத்துப் போட்டோ கதையைச் சொன்னேன். தான் காத்திருந்தது எங்கே போச்சு என்று பூரணி கேட்டதைச் சொன்னேன். "அங்க நான் தனியாத்தான் நின்னேன். அது அப்படியே இருக்கட்டும். அழிச்சிடு."

கயல் தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். விரலைத் திரைமேல் கொண்டுபோனாள்.

"இரு" என்றேன். "இன்னொரு தடவை பாத்துக்கறேன்."

போனை அவள் கையிலிருந்து வாங்கி, மடியில் வைத்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.